அழிக்க ஒரு பொத்தான்

ட்ரெய்னிங்குக்குப் போன முதல் நாளே என்னிடம் செத்துப்போன ஒரு மனிதரின் படத்தைத் தந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தலில் எடுத்த படம். வலப்பக்கம் யாரோ ஒருவரின் தோள், இடப்பக்கம் பாதி வாழைமரம், நடுவே வெறும் மேலோடு அவர்.

“பிள்ளை, உவருக்கு ஒரு கோட் போட்டுவிடும். கெதியா. மகன் சுவிஸிலையிருந்து ரெண்டு தரம் போன் எடுத்திட்டார்,” என்றார் அண்ணை.

அண்ணை என்றால் சொந்தம் ஒன்றுமில்லை. அந்த இடத்தின் பொறுப்பாளர். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மாடிப்படி ஏறினால் அவருடைய கந்தோர். கீழே அவருடைய மனைவி போட்டோக்கொப்பிக் கடை நடத்தினார். மேலே அண்ணை, நான், அடிக்கடி கடதாசி சிக்கும் ஒரு பிரிண்டர். வாசல் பலகையில் ‘சொப்ட்வெயர் சொலூஷன்ஸ்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்தப் பலகையை நம்பித்தான் நான் போனேன். மென்பொருள் படித்த பிள்ளை மென்பொருள் பலகையை நம்பாமல் வேறு எதை நம்புவது?

உள்ளே நடந்தது ஒரே ஒரு வேலை. மரண அறிவித்தல். ஊரில் ஒருவர் இறந்தால் கனடாவிலும் லண்டனிலும் ஜேர்மனியிலும் இருக்கிற சொந்தங்கள் பார்ப்பதற்காக ஓர் இணையத்தளம். போட்ட உடனே அவர்களுடைய போனுக்கும் போகும். தளத்தின் சொந்தக்காரர் கனடாவில் இருந்த அண்ணையின் மச்சான். இங்கே அண்ணை அறிவித்தல்களைச் சேர்த்து அனுப்புவார். அறிவித்தலுக்குப் படம் வேண்டும். படத்தில் இறந்தவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருக்க வேண்டும். அது எழுதாத சட்டம். வாழ்நாள் முழுக்கச் சாரம் கட்டித் திரிந்த மனிதராக இருக்கட்டும், வல்வெட்டித்துறையில் வள்ளம் விட்டவராக இருக்கட்டும், செத்த பிறகு கோட் போடாமல் போக விடமாட்டார்கள். முகத்தை வெட்டி, என்னிடம் இருந்த ஒரு நீலக் கோட்டின் மேல் ஒட்டி, கழுத்தின் நிறத்தைச் சரிக்கட்ட வேண்டும். முதல் கிழமையிலேயே எனக்கு அது கைவந்துவிட்டது. அதுதான் நான் விட்ட மடைத்தனம். கைவந்த வேலையை யார் மாற்றித் தருவார்கள்?

பின்னேரம் தெல்லிப்பழைக்கு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்பார். அப்பா தோட்டக்காரர். வெங்காயமும் புகையிலையும் அவருடைய உலகம்.

“இண்டைக்கு என்ன செய்தனி?”

“நாலு பேருக்குக் கோட் போட்டனான்.”

“உதுக்கு நீ தையலே படிச்சிருக்கலாம்.”

அவருக்குப் பகிடி. எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் எங்கள் படிப்பின் கடைசி ஆறு மாதம் சும்மா வேலை பழகுவதற்கல்ல. மாணவர் தானாக ஒரு மென்பொருளைச் செய்ய வேண்டும். அது அந்த இடத்தில் ஓட வேண்டும். முடிவில் விரிவுரையாளர் நேரில் வந்து பார்ப்பார். “இதை இந்தப் பிள்ளைதான் செய்தது” என்று பொறுப்பாளர் தன் வாயால் அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் தவறியதாகத்தான் கணக்கு. அடுத்த வருடம், எனக்குக் கீழே படித்தவர்களோடு சேர்ந்து, வேறொரு மாடிப்படி ஏறி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொழும்புக்குப் போன என் கூட்டாளிகள் பெரிய கம்பனிகளில் என்னென்னவோ எழுதுவதாகப் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் போட்டுக் காட்ட இருந்த படங்களை ஒருவரும் விரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

நான் கேளாமல் இல்லை. கேட்டுக் கேட்டு வாய் உளைந்தது.

“அண்ணை, எனக்கு ஏதும் புரோகிராம் எழுதிற வேலை தாங்கோ.”

“ஓமோம். பாப்பம்.”

எங்கள் ஊரில் ‘பாப்பம்’ என்றால் என்ன அர்த்தம் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். பார்க்கவே மாட்டார்கள். அடுத்த நாள் கேட்டால், “பாப்பம் எண்டனான் எல்லோ, ஏன் அந்தரப்படுறீர்?” என்பார். அதற்கு மேல் ஒரு படம் வரும். “உந்த அம்மாவுக்குப் பொட்டு எப்பன் பெரிசாப் போடும், மகள்மார் விரும்புகினம்.” பொட்டை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். இரண்டு மாதம் அப்படியே போனது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

வழி கிடைத்தது அவருடைய சோம்பலால்தான். அறிவித்தல் எழுதுவது லேசான காரியமல்ல. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர், இன்ன தம்பதிகளின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, மாமனார், சகோதரர், மைத்துனர், சகலன், பேரன் என்று போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் அழுதழுது வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார்கள். அண்ணை அதைக் கேட்டுத் தட்டச்சுச் செய்வார். ஒரு மருமகனை விட்டுவிடுவார். அவ்வளவுதான், பாரிஸிலிருந்து போன். “என்ரை மனிசன் என்ன செத்தவரோடை கோவமோ? ஏன் அவற்றை பேர் இல்லை?” மூத்தவருக்கு முன்னால் இளையவர் பெயர் வந்துவிட்டால் அதற்கொரு சண்டை. செத்தவீட்டில் அழுகிறார்களோ இல்லையோ, அறிவித்தலில் சண்டை நிச்சயம்.

அப்படி ஒரு நாள் திட்டு வாங்கிக் களைத்துப்போய் இருந்தவரிடம் சொன்னேன். “அண்ணை, வீட்டுக்காரரே தங்கடை போனிலை ஆக்களை ஒழுங்காப் பதிஞ்சு விட்டால், அறிவித்தல் தன்பாட்டிலை எழுதுப்படிற மாதிரி நான் செய்து தாறன். நீங்கள் பாத்திட்டு ஒரு பொத்தானை அமத்தினால் சரி. பிழை வந்தால் அது அவையின்ரை பிழை.”

கடைசி வசனம் அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. “உப்பிடியும் செய்யலாமோ? அப்ப செய்யுமன்!” என்றார்.

செய்தேன். பகலில் கோட், இடையில் கிடைக்கும் நேரத்தில் நிரல். சொல்லப்போனால் அந்த நாட்களில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. யார் யாருக்கு என்ன முறை, இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளை எந்த இடத்தில் சொல்வது, வெளிநாட்டில் வெள்ளைக்காரியைக் கட்டிய மகனின் மனைவியை விடாமல் எப்படிச் சேர்ப்பது என்று எல்லாவற்றையும் யோசித்து யோசித்து எழுதினேன். கொழும்புக் கம்பனியில் ஒருவருக்கும் இந்தத் தலையிடி கிடைத்திருக்காது.

முடிகிற நேரத்தில் ஒரே ஒரு விஷயம் குறுக்கே வந்தது.

“அண்ணை, போட்ட அறிவித்தலை அழிக்கவும் ஒரு பொத்தான் வைக்கிறன்.”

“என்னத்துக்கு?”

“தப்பித்தவறிப் போட்டிட்டால்?”

அண்ணை சிரித்தார். “பிள்ளை, செத்தவை எழும்பி வாறதில்லை. பிறகு என்னத்தை அழிக்கிறது? உதை வைச்சால் ஆராவது கோவத்திலை வந்து அழியுங்கோ எண்டு நிப்பினம். வேண்டாம்.”

“பிழை விட்டால் அண்ணை...”

“பிழை விடாமல் போடும்.”

சரி, மண்ணாங்கட்டி, அவர்களுடைய தளம், அவர்களுடைய விருப்பம் என்று விட்டேன். இனி அழிப்பதென்றால் தளத்தின் கடவுச்சொல்லோடு உள்ளே போய்த்தான் அழிக்க வேண்டும். அது கனடா மச்சானிடம் மட்டும் இருந்தது.

செய்ததைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பொய்யான ஆளைப் போட்டால் சொந்தம் கற்பனை பண்ணி முடியாது. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் அதிகச் சிக்கலானது எங்களுடையதுதான். அப்பாவோடு பிறந்தவர்கள் ஆறு பேர், நாலு நாட்டில். அதிலே அண்ணன் தம்பி இருவர் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அப்பாவைச் சரியாக எழுதிவிட்டால் என் புரோகிராம் யாழ்ப்பாணத்தில் எவரையும் எழுதும். அப்பாவிடமே கேட்டேன்.

“போடு, போடு. ஒருக்காச் செத்துப் பாப்பம்,” என்றார். “அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை.”

என் போனில் இருந்த தோட்டத்துப் படத்திலிருந்து முகத்தை வெட்டி நீலக் கோட் போட்டேன். கை கூசியது என்பதை மறைக்கவில்லை. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “வடிவாத்தான் கிடக்கு,” என்றார். தொடர்புக்கு என் போன் இலக்கத்தைக் கொடுத்தேன். அறிவித்தல் பிசகில்லாமல் வந்தது. சகலன்கூட சரியான இடத்தில் இருந்தார். அதை வெளியிடாமல், காத்திருப்பவை என்ற பகுதியில் விட்டுவைத்தேன். விரிவுரையாளர் வரும்போது அவருக்குக் காட்டத்தான். அவர் வருவதற்கு முந்தின நாள் அண்ணையிடம் தெளிவாகச் சொன்னேன். “காத்திருக்கிறதிலை ஒண்டு கிடக்கு அண்ணை. அது என்ரை அப்பா. சோதினைக்குப் போட்டது. வெளியிட்டிடாதேங்கோ.” அவர் யாரோடோ போனில் இருந்தார். “ஓமோம்,” என்று கையைக் காட்டினார்.

அவர் எனக்குச் சொல்லாமல் இன்னொரு வேலையும் செய்திருந்தார். வரப்போகிற விரிவுரையாளர் சேருக்குப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று, மச்சானைக் கொண்டு என் புரோகிராமை உண்மையான தளத்தோடு இணைத்துவிட்டிருந்தார்.

அடுத்த நாள் காலை விரிவுரையாளர் வந்தார். மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர். அண்ணை அன்றைக்குச் சப்பாத்தெல்லாம் போட்டிருந்தார். கீழே கடையிலிருந்து அவருடைய மனைவி தேத்தண்ணியும் கடிக்க வாய்ப்பனும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். விரிவுரையாளர் பேனையை எடுத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“நல்ல வேலையாக் கிடக்கு. இது ஆர் செய்தது?”

நான் வாயைத் திறக்க முன் அண்ணை சொன்னார். “இது எங்கடை கனடா டீம் செய்தது சேர். பெரிய ஆக்கள். பிள்ளை படங்கள் செய்வா. நல்ல கைப்பழக்கம்.”

எனக்குக் காது இரண்டும் அடைத்துப்போயிற்று. கனடா டீமா? எந்தக் கோதாரி டீம்? ஒரு படிக்கிற பிள்ளையின் வேலையில் தங்கள் தளம் ஓடுகிறது என்றால் மதிப்புப் போய்விடும் என்று நினைத்திருப்பார். அந்த ஒரு வசனத்தோடு என் ஆறு மாதமும் போய்விடும் என்று அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் ‘பாப்பம்’ என்றுதான் இருந்திருப்பார்.

“சேர், அதை நான்தான் செய்தனான்,” என்றேன்.

விரிவுரையாளர் என்னைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். “அப்பிடி அவர் சொல்லேல்லையே,” என்றார். பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

“அண்ணை, சொல்லுங்கோவன்!”

“பொறும் பிள்ளை, நான் சேரோடை கதைச்சுக்கொண்டிருக்கிறன்.” என்னை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அவர் திரைக்கு முன்னால் குனிந்தார். “பாருங்கோ சேர், கனடா டீமின்ரை கெட்டித்தனத்தை. ஒரு பொத்தான். உலகம் முழுக்கப் போகும்.”

அமத்திவிட்டார்.

திரையில் நீலக் கோட்டோடு அப்பா. கீழே ‘இறைவனடி சேர்ந்தார்’. அண்ணை அப்பாவை நேரில் கண்டதில்லை. கண்டிருந்தாலும் என்ன? அந்தக் கோட்டைப் போட்டால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். காலையில் வந்த உண்மையான அறிவித்தல் என்று நினைத்திருக்கிறார்.

“அண்ணை, அது என்ரை அப்பா!” என்று கத்தினேன்.

“என்ன? அப்பா செத்திட்டாரோ? ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“சாகேல்லை! வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிக்கிறார்! நேற்றுச் சொன்னனான் எல்லோ!”

என் போன் அடித்தது. லண்டனில் இருக்கும் மாமி, அப்பாவின் தங்கை. எடுத்த உடனே ஒப்பாரி. “என்ரை அண்ணை போயிட்டாரே! நித்திரையாலை எழும்பிப் போனைப் பாத்தால் அண்ணையின்ரை படம். ஏனடி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“மாமி, அழாதேங்கோ. அப்பா உயிரோடைதான் இருக்கிறார்.”

“கோட்டும் போட்டுப் படம் போட்டிருக்கிறியள், உயிரோடை எண்டுறாய்!”

அவவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்களுக்குக் கோட்டை விடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? அவவின் போனை வைத்தால் ஜேர்மனிச் சித்தப்பா. அவருடையதை வைக்க முன் பாரிஸ். அண்ணை பின்னால் நின்று, “அழியும் பிள்ளை, அழியும், கெதியா அழியும்!” என்று குதித்தார்.

“எப்பிடி அழிக்கிறது? பொத்தான் வேண்டாம் எண்டது ஆர்?”

இவ்வளவுக்கும் விரிவுரையாளர் வாய்ப்பனைக் கையில் வைத்தபடி அசையாமல் இருந்தார். அண்ணை கனடாவுக்கு எடுத்தார். அங்கே சாமம். அடித்து அடித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே எடுத்தார்கள். எங்கள் சொந்தக்காரர் யாரோ நித்திரையில் இருந்த மச்சானை எழுப்பிக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அண்ணையின் போன் சத்தமாகக் கதைக்கும் போன். மாடி முழுக்கக் கேட்டது.

“உயிரோடை இருக்கிற மனிசனைச் சாக்காட்டி இருக்கிறியள்! ஆரடா உந்த விசர் வேலை பாத்தது? ஆர் உதைச் செய்தது?”

அண்ணைக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு கையால் என்னைச் சுட்டிக்காட்டிக்கொண்டு, போனில் அது கனடாக்காரரின் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறந்து, உரத்துச் சொன்னார். “மச்சான், சத்தியமா நான் இல்லை! உது முழுக்க இந்தப் பிள்ளை செய்தது. தொடக்கத்திலையிருந்து முடிவு வரைக்கும் அவதான். ஒரு எழுத்து நான் தொடேல்லை!”

விரிவுரையாளர் வாய்ப்பனைத் தட்டில் வைத்தார். பேனையை எடுத்தார்.

“முழுக்கவோ?” என்று கேட்டார்.

“முழுக்கச் சேர்!”

“அப்ப கனடா டீம்?”

“என்ன டீம் சேர்? அங்கை மச்சான் ஒராள்தான் இருக்கிறார். அவருக்கு உதைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எல்லாம் இவதான்!”

விரிவுரையாளர் ஆறுதலாக எழுதினார். நான் சிரிப்பதா, அழுவதா, அண்ணையின் தலையில் அந்தப் பிரிண்டரைத் தூக்கிப் போடுவதா என்று தெரியாமல் நின்றேன். நல்லது என்றபோது கனடா செய்தது. பிழை என்றபோது பிள்ளை செய்தது. ஆனாலும் சொல்லிவிட்டாரே! எனக்குத் தேவையான அந்த ஒரு வசனத்தை, சத்தியமும் சேர்த்து, சொல்லிவிட்டாரே!

மச்சான் கொட்டாவியும் ஏச்சுமாக உள்ளே போய் அறிவித்தலை அழித்தார். அதற்குள் போக வேண்டிய இடமெல்லாம் அது போய்விட்டது.

நான் வீட்டுக்கு ஓடினேன். படலை வாசலில் சனம். பக்கத்து வீட்டு மாமி வெள்ளைச் சேலையோடு வந்து, அப்பா வாய்க்காலிலிருந்து மண்வெட்டியோடு ஏறி வருவதைக் கண்டு கத்தியிருக்கிறா. சந்தியில் செத்தவீடுகளுக்கு இருக்கக் கதிரை வாடகைக்கு விடுகிறவர், எத்தனை கதிரை வேணும் என்று கேட்டு ஆளனுப்பிவிட்டாராம். அப்பா சேற்றுக்காலோடு முற்றத்தில் நின்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். “ஓமடா, நான்தான் கதைக்கிறன். நானேதான். இல்லை, ஆவி இல்லை.” என்னைக் கண்டதும், “செத்தது சுகம் பிள்ளை, உயிரோடை இருக்கிறதைக் காட்டுறதுதான் பெரிய வேலை,” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. “கண்டறியாத படிப்பு!” என்று ஒரே ஒரு சொல். அப்பாவைக் கிணற்றடியில் தலைமுழுக வைத்து, அந்தப் பின்னேரமே கோயிலுக்குக் கூட்டிப்போய் அவருடைய பெயர் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தா. பிறகு கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது எனக்கு எல்லாவற்றையும்விட நொந்தது.

நான் தேறினேன். ஆனால் புள்ளி குறைந்திருந்தது. ஏன் என்று விரிவுரையாளரிடம் போய்க் கேட்டேன்.

“நல்லாய்த்தான் செய்திருக்கிறீர். ஆனால் வெளியிட்டதை அழிக்க ஒரு வழி வைக்கேல்லையே பிள்ளை. உது முதல் வருசத்திலை படிப்பிக்கிற விஷயம்.”

சொல்ல வாய் உன்னியது. அந்தப் பொத்தானை நான் வைக்கக் கேட்டதை, செத்தவை எழும்பி வாறதில்லை என்று பதில் வந்ததை, எல்லாம். அவரும் அன்றைக்கு அந்த மாடியில்தான் இருந்தார், நான் கத்தியதைக் கேட்டவர்தான். மறந்துவிட்டார் போல. “ஓம் சேர்,” என்று வந்துவிட்டேன். படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

சில கிழமைகளுக்குப் பிறகு நான் வீட்டில் இருக்கும்போது அண்ணையின் போன். குரலில் தேன்.

“பிள்ளை, எப்பிடிச் சுகம்? அப்பா சுகமோ?”

“உயிரோடை இருக்கிறார் அண்ணை.”

“அது... உந்தப் புரோகிராமிலை சின்ன ஒரு வேலை. வேறையொண்டுமில்லை, அழிக்க ஒரு பொத்தான். மச்சான் நெடுக ஏசுறார். நேற்றும் ஒரு ஆளைப் பிழையாப் போட்டிட்டன். ஒருக்கா வந்து வைச்சுத் தாருமன்.”

அந்த ஆறு மாதமும், அவருடைய அத்தனை ‘ஓமோம்’, அத்தனை ‘பாப்பம்’, நீலக் கோட்டு எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அப்பா வெங்காயம் கட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

“அதை நான் செய்யேல்லை அண்ணை,” என்றேன். “கனடா டீம்தானே செய்தது. அவையளைக் கேளுங்கோ.”

வைத்துவிட்டேன். அந்தத் தளம் இன்றைக்கும் ஓடுகிறது. பொத்தான் இல்லை.